பிடிக்கிற டயர், உழைக்கிற டயர்

2013 அக்டோபர் 20 அன்று ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்டில் நடந்த மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் 27 சுற்று ஓடியிருக்க வேண்டியது. அதை 19 சுற்றாகக் குறைத்தார்கள். ஒரே டயரில் யாரும் 10 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது, நடுவில் உள்ளே வந்து மாற்று வண்டியில் ஏறியாக வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். அந்தத் தடத்துக்கு அதற்குச் சற்று முன்புதான் புதிதாகத் தார் போட்டிருந்தது. புதுத் தார் டயரை அபாரமாகப் பிடித்தது. அந்தப் பிடியில், நீண்ட இடப்பக்க வளைவுகளில், பின் டயரின் இடது ஓரம் சூடேறிக் கொப்புளித்தது. ஃபிலிப் ஐலண்டில் ஒரு சுற்று 4.448 கிலோமீட்டர். உலகத்தின் மிகச் சிறந்த டயர்களை நம்பி 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட முடியாது என்பதே அன்றைய நிலை. ஒரு சுற்று தாமதமாக உள்ளே வந்த மார்க் மார்க்கெஸைக் கறுப்புக் கொடி காட்டிப் பந்தயத்திலிருந்து நீக்கினார்கள். ஹோர்ஹே லொரென்ஸோ வென்றார்.

அந்த 45 கிலோமீட்டர், நம் ஊரில் ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் தூரம். அவர் டயர் கடையில் நின்று கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, இது எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. மாதச் சம்பளத்தில் டயருக்கு ஒதுக்குவது எளிதல்ல. ஆனால் அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் எண் பெரிதாகப் பெரிதாக, வேறெங்கோ ஒன்று குறைகிறது. அது எங்கே குறைகிறது, எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பள்ளிக்கூடத்தில் உராய்வு பற்றிப் படித்தது ரப்பருக்குப் பொருந்தாது. மரக்கட்டை மேசைமேல் வழுக்கும் கணக்கு வேறு, ரப்பர் சாலைமேல் நகரும் கணக்கு வேறு. மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் 130 கிலோ எடை இறங்குகிறது, காற்று 29 பிஎஸ்ஐ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம். ஆகவே டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 65 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை அளவு. பிரேக், வளைவு, மழை எல்லாவற்றையும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டே உள்ளங்கை ரப்பர்தான் சமாளிக்கிறது.

அந்த ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்பதை அழகாகக் காட்டிய சோதனை 1963-இல் வெளியானது. கே. ஏ. கிராஷ் என்பவர் இங்கிலாந்தின் இயற்கை ரப்பர் ஆய்வகத்தில் செய்தது. ரப்பர் துண்டுகளைக் கண்ணாடி மேலும், உப்புக்காகிதம் போன்ற சொரசொரப்பான பரப்பின் மேலும் மிக மெதுவாக இழுத்தார். நொடிக்குச் சில சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை. போனால் உராய்வே சூட்டைக் கிளப்பிக் கணக்கைக் குழப்பிவிடும். வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் வெப்பநிலையைக் குறைத்தார். உறைபனிக்குக் கீழே பல பத்து டிகிரி வரை குளிர்ந்த ரப்பரை மெதுவாக இழுப்பதும், வெதுவெதுப்பான ரப்பரை மிக வேகமாக இழுப்பதும் ஒன்றே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கிடைத்த வரைகோட்டில் சொரசொரப்பான பரப்புக்கு இரண்டு மேடுகள் தெரிந்தன. பிறகு அந்தப் பரப்பில் மெக்னீசியா பொடியைத் தூவி மறுபடி இழுத்தார். ஒரு மேடு காணாமல் போனது, இன்னொன்று அப்படியே நின்றது.

போனது ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு கணநேரம் ஒட்டிப் பிரிவதால் வரும் பிடி அது. நடுவில் தூசி வந்தால் ஒட்டாது. நின்றது வேறு வகை. சாலையின் ஒவ்வொரு கல்முனையும் ரப்பரை அமுக்குகிறது. ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. கல்முனையின் முன்பக்கம் அழுத்தம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் இருப்பதால், வழுக்குவதற்கு எதிராக ஒரு விசை பிறக்கிறது. அமுக்கச் செலவான ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வராமல் சூடாகிப் போகிறது. இப்படி ஆற்றலைத் தொலைக்கிற குணம் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு பிடி.

கிராஷின் பொடி நம் சாலையிலும் இருக்கிறது. மணல் லாரி போன தடத்தில், வளைவின் ஓரத்தில் படிந்திருக்கும் தூசி அதே வேலையைத்தான் செய்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் அங்கே பலத்தில் ஒரு பங்கை இழந்துதான் நிற்கும். மழைநீரும் ஒட்டுதலைத்தான் முதலில் கெடுக்கிறது. அதனால் மழைக்கால டயருக்கு, ஆற்றலைத் தொலைக்கும் அந்த இரண்டாவது குணம்தான் உயிர்நாடி.

சிக்கல் இங்கேதான். ஆற்றலைத் தாராளமாகத் தொலைக்கும் ரப்பர் சூடாகும், இளகும், பிய்ந்து தேயும். தேயாத ரப்பர் துள்ளலாக இருக்கும். அமுக்கியதும் சட்டென்று திரும்பிவிடும். ரப்பர் கலவை தயாரிக்கும் வேதியியலாளர்கள் இதை ஒரு வெப்பநிலையை வைத்துப் பேசுவார்கள். எந்த ரப்பரையும் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கண்ணாடிபோல் விறைத்துவிடும். பியூட்டடையீன் ரப்பருக்கு அது மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் அருகே, இயற்கை ரப்பருக்கு மைனஸ் 70 அருகே. ஸ்டைரீன் கலந்த செயற்கை ரப்பருக்கு அதைவிட மேலே. ஸ்டைரீன் கூடக்கூட இன்னும் மேலே. விறைக்கும் புள்ளி கீழே இருந்தால் தேய்மானம் குறைவு. மேலே இருந்தால் ஈரத்தில் பிடி அதிகம். பியூட்டடையீனைக் கூட்டினால் டயர் உழைக்கும், மழையில் வழுக்கும். ஸ்டைரீன் ரப்பரைக் கூட்டினால் மழையில் நிற்கும், சீக்கிரம் மொட்டையாகும். ஒவ்வொரு நிறுவனத்தின் கலவைக் குறிப்பும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்ற முடிவுதான்.

இந்த இழுபறியை இரண்டு தூள்கள் மாற்றின. முதலாவது கரி. தொடக்க காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன, விரைவில் தேய்ந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரித்தூளைக் கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கிறது என்று கண்டுகொண்டார்கள். டயர் கறுத்தது அதனால்தான். இரண்டாவது, மணலில் இருந்து எடுக்கும் சிலிக்கா. 1992-இல் மிச்செலின் நிறுவனம் சிலிக்கா கலந்த கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சிலிக்காவின் கெட்டிக்காரத்தனத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 50 கிலோமீட்டர் வேகத்தில் 17 அங்குலச் சக்கரம் நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். டயரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு ஏழெட்டு முறை நசுங்கி எழுகிறது. இது உருள்வதற்கான செலவு. பெட்ரோல் இங்கே போகிறது, டயர் இங்கே சூடாகிறது. ஆனால் பிரேக் பிடித்து டயர் சற்றே நழுவும்போது, கல்முனைகளும் அவற்றின் மேலுள்ள நுண்ணிய சொரசொரப்பும் ரப்பரை நொடிக்கு ஆயிரம் முதல் பத்து லட்சம் முறை வரை அதிரவைக்கின்றன. மெதுவான அசைவில் ஆற்றலைச் சேமித்து, வேகமான அதிர்வில் தொலைக்கிற ரப்பர் கிடைத்தால் இரண்டும் கைகூடும். சிலிக்கா அந்த வேறுபாட்டை உண்டாக்கியது. சும்மா கலந்தால் அது ரப்பரோடு சேராது. சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் வேண்டும். அதனால் தயாரிப்பு கடினம், விலையும் கூடும். இருந்தாலும் மழை ஊரில் ஓட்டுபவருக்கு, டயர் வாங்கும்போது சற்றுக் கூடுதலாகக் கொடுக்கத் தகுந்த ஒரே விஷயம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

இயற்கை ரப்பரின் இடத்தை இவை எதுவும் பறிக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியலுக்கு முன் பட்டை சீவி எடுக்கும் பாலுக்கு, இழுக்க இழுக்கத் தன் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு கிழியாமல் நிற்கும் குணம் உண்டு. செயற்கை ரப்பர் அந்த அளவுக்கு அதை எட்டவில்லை.

மோட்டார் சைக்கிள் டயருக்கு வேறொரு வசதி இருக்கிறது. கார் டயர் தட்டையானது. மோட்டார் சைக்கிள் டயர் வளைந்தது. நேராக ஓடும்போது நடுப்பகுதி தரையில் படும், சாயும்போது ஓரம் படும். 45 டிகிரி சாய்ந்து திரும்ப வேண்டுமென்றால் உராய்வு எண் 1 இருந்தாக வேண்டும். மோட்டோஜிபி வீரர்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்கிறார்கள், அதற்கு 1.7-க்கு மேல் வேண்டும். அவர்களுடைய டயரை ஓடும் முன்பே மின்போர்வை சுற்றிக் கொதிநீர்ச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அண்ணா சாலை சிக்னலில் நின்று நின்று போகும் வண்டியின் டயர் அந்தச் சூட்டை ஒருநாளும் எட்டாது. பந்தய வகை டயரை வாங்கி மாட்டுகிறவருக்குப் பிடியும் முழுதாகக் கிடைக்காது, உழைப்பும் கிடைக்காது.

நம்மில் பலருக்கு நடுப்பகுதிதான் தேயும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் வண்டியின் பின் டயரை எதிரே உட்கார்ந்து பார்த்தால், நடுவில் தட்டையாகி இரண்டு பக்கமும் விளிம்பு கட்டியிருப்பது தெரியும். வண்டி சாயும்போது அந்த விளிம்பில் ஏறி இறங்குவதால் கைப்பிடியில் ஒரு தடுமாற்றம் வரும். இதற்காகத்தான் சில டயர்களில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் வைக்கிறார்கள். தேய்வது ஓரிடம், பிடி தேவைப்படுவது இன்னோரிடம் என்பதால் இந்தப் பாகப்பிரிவினை நன்றாகவே வேலை செய்கிறது. கொடைக்கானல், ஏற்காடு என்று அடிக்கடி மலை ஏறுகிறவர்களுக்கு இது பொருத்தம்.

அகலமான டயர் மாட்டினால் கிரிப் கூடும் என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். எடையும் காற்றும் அதே அளவு என்றால் தரையைத் தொடும் பரப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்; வடிவம்தான் மாறும். ரிம் அகலத்துக்கு மீறிய டயர் இரு பக்கமும் நெருக்குண்டு, வளைவு மாறி, சாய்க்கும்போது தடுமாறும். அழகுக்காகச் செய்கிறோம் என்றால் அதற்காக இழப்பது என்னவென்று தெரிந்து செய்ய வேண்டும்.

கடையில் டயரைக் கையில் வாங்கிப் பக்கவாட்டைப் படியுங்கள். 100/90-17 55P என்று இருந்தால், அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ வரை தாங்கும் என்பதன் குறியீடு, P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை என்பது. அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிடுவது உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று மட்டும் எங்கும் இருக்காது. அமெரிக்காவில் கார் டயரில் தேய்மான மதிப்பெண் அச்சிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அங்கேகூட மோட்டார் சைக்கிள் டயருக்கு அது கிடையாது. கடைக்காரர் சொல்வது அவருடைய அனுபவக் கணக்கு.

முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. கடையில் வெயில் படும்படி தொங்கிய டயரை நான் வாங்கமாட்டேன். ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து ரப்பரை விறைக்கவைக்கின்றன. பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) முழுசாக இருக்கும், பிடி போயிருக்கும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது முதுமை. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கின்றன நிறுவனங்கள்.

இரு சக்கர வாகனத்துக்கு டயர் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது இந்திய மோட்டார் வாகன விதி. அது சட்டத்தின் கடைசி எல்லை. காய்ந்த சாலையில் பள்ளமே தேவையில்லை. பந்தய டயர்கள் வழவழப்பாகத்தான் இருக்கின்றன. பள்ளம் தண்ணீருக்காக மட்டுமே. ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், ஆழம் எல்லையை நெருங்கியிருந்தால் மாற்றிவிடுவதே சரி. கோடையில் மிச்சம் பிடிக்கலாம், மழையில் பிடிக்கக் கூடாது.

காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். 27 டிகிரியில் 28 பிஎஸ்ஐ இருந்த டயர் ஓடிச் சூடேறி 57 டிகிரிக்குப் போனால் 32 காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைவான காற்றில் ஓடுவோம். ஓரங்கள் தேயும், டயர் மேலும் சூடாகும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். கூடுதல் காற்று வைத்தால் நடுப்பகுதி மட்டும் தேயும். காற்றைச் சரியாக வைப்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் டயரின் ஆயுளைக் கூட்டும் வழி. புது டயர் மாட்டினால் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வார்ப்பு அச்சு விட்டுச்சென்ற வழவழப்பு போகும்வரை வளைவில் அதிகம் சாய்க்காதீர்கள்.

முன் டயரைப் பற்றி ஒன்று. வண்டியை இழுப்பது பின் சக்கரம் என்பதால் பின் டயர் முதலில் தேயும். இரண்டு பின் டயர் மாறும்வரை முன் டயர் அப்படியே ஓடும் வண்டிகள் ஏராளம். தேயவில்லையே என்று யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் பலமாக பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் டயருக்குத்தான். பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம், முன் டயர் வழுக்கினால் நேரமிருக்காது. பின் டயர் மாற்றக் கடைக்குப் போகும் நாளில் முன் டயரின் அந்த நான்கு இலக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பட்டன் மிச்சம் இருந்தாலும், ரப்பர் விறைத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.