வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கும் நியாயமான பரீட்சை



மார்ச் மாதம் வந்தால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வீட்டுக்கு வீடு பொதுப் பரீட்சைப் பேச்சுதான். வலிப்பு நோயுள்ள பிள்ளை இருக்கும் வீட்டிலோ, பரீட்சை அறையில் வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அதன்பின் வரும் குழப்பமும் அசதியும் சில வேளைகளில் மணிக்கணக்கில் நீடிக்கும். மூன்று மணி நேரப் பரீட்சையில் இது பெரிய இழப்பு. சில பிள்ளைகள் கீழே விழுவதில்லை. சில விநாடிகள் வெறித்துப் பார்ப்பதோடு சரி. கண்காணிப்பாளர் அதைக் கவனக்குறைவு என்று எண்ணிவிடக்கூடும். பினோபார்பிடோன் போன்ற மருந்துகள் சிந்தனையின் வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. வலிப்பு நோய் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் கோளாறுள்ள விகாஷ் குமார் என்பவருக்கு, ஐ.ஏ.எஸ். தேர்வில் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதற்காக இவ்வுதவியை மறுக்கக் கூடாதென்று 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, எழுதச் சிரமப்படும் அத்தகையோருக்கும் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஆனால் வலிப்பு நோயுள்ள பிள்ளை, நோய் வராத நாளில் மற்றவர்களைப் போலவே எழுதும். வந்து போகும் நோயைச் சதவீதத்தால் அளப்பது கடினம். இப்பிள்ளைகள் இலவசமாக ஒரு மதிப்பெண்ணும் கேட்கவில்லை. நோய் பறித்த நேரத்தைத் திருப்பித் தருவது நியாயமேயன்றிச் சலுகையல்ல.

பெற்றோர் பலர், நாளை பெண்ணின் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சி நோயை மறைக்கின்றனர். மறைத்தால் உதவி கேட்கவும் வழியில்லை. பல மாதங்களுக்கு முன்பே மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியரை அணுகும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள். மாத்திரையை ஒருவேளையும் விடலாகாது. இரவு கண்விழித்துப் படிப்பதும் கூடாது. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும்.

உங்களில் ஆசிரியர்களாயிருப்போருக்கு ஒரு வார்த்தை. வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி வேண்டாம். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இழந்த நேரத்தைக் குறித்து, முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தெரிவியுங்கள். அன்று எழுத முடியாமற்போனாலும், அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு என்று பிள்ளையைத் தேற்றுங்கள்.

பரீட்சை நாட்களில் இப்பிள்ளைகளை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.