அடைத்த கதவுக்குள் ஒரு மேதை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கீ என்னும் ஊரில், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காது மந்தமான கிழவர் ஒருவர் தன்னந்தனியாக வாழ்ந்துவந்தார். வீட்டுச் சாமான்களுக்குப் பதிலாகக் கருங்கற் பாளங்களைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார் என்றும், விரல் நகங்களுக்குச் செந்நிறச் சாயம் பூசிக்கொள்வார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. கடிதங்களில் தம் பெயருக்குப் பின்னால், மற்றவர்கள் பட்டங்களைப் போட்டுக்கொள்ளும் இடத்தில், புழு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, நடுவே புள்ளிகள் இட்டு எழுதினார். தெருப் பிள்ளைகள் அவரைச் சீண்டினார்கள். கட்டணம் பாக்கி நின்ற ஒரு சமயத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த எரிவாயுவையும் நிறுத்திவிட்டார்கள்.

அவர் பெயர் ஆலிவர் ஹெவிஸைடு. கம்பி வழியே செல்லும் மின்சாரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவரளவுக்கு ஆழ்ந்து கண்டவர் அக்காலத்தில் வேறொருவர் இல்லை என்பது என் துணிபு. அவருடைய விசித்திரங்களைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அவர் வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால் சிரிக்கமாட்டார்கள்.

1850-ஆம் ஆண்டு லண்டனில், மரத்தில் சித்திரம் செதுக்கிப் பிழைத்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் கண்ட ஸ்கார்லெட் ஜுரம் அவருடைய செவிப்புலனைக் குறைத்தது. விளையாட்டுத் தோழர்களோடு ஒட்டாமல் ஒதுங்கும் பழக்கம் அப்போதே தொடங்கியது. பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்திக்கருவியைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான சார்ல்ஸ் வீட்ஸ்டன், தாயின் சகோதரிக்குக் கணவர். அந்தத் தொடர்பின் நிழலில் பையன் டென்மார்க்கில் தந்தி உத்தியோகத்தில் அமர்ந்தான். பிறகு நியூகாஸில் நகரத்துக்கு மாற்றம். 1874-இல், இருபத்து நான்காம் வயதில், அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுப் பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் ஆயுள் முழுவதும் எந்த வேலையிலும் அமரவில்லை; விவாகமும் செய்துகொள்ளவில்லை.

அவரை இழுத்தது ஒரு புத்தகம். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் மகா மேதை, மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி 1873-இல் வெளியிட்ட பெருநூலை அவர் புரட்டிப்பார்த்தபோது, அதிலிருந்த கணிதம் அவருக்குப் புரியவில்லை; ஆயினும் அதற்குள் மகத்தான ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. ஆகவே, ஆசிரியர் எவரும் இன்றி, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, விளக்கின் வெப்பமும் புகைக்குழாயின் புகையும் மூச்சுமுட்டும் அறையில், இரவு இரவாக அமர்ந்து, பல ஆண்டுகள் செலவழித்து அந்நூலைத் தமதாக்கிக்கொண்டார். வீட்டார் உணவைத் தட்டில் வைத்து அறை வாசலில் விட்டுப்போவார்கள். அந்தத் தவத்தின் பலன் என்ன? மாக்ஸ்வெல் இருபது சமன்பாடுகளில் விரித்துவைத்த தத்துவத்தை ஹெவிஸைடு நான்கே சமன்பாடுகளாகச் சுருக்கினார். இன்று உலகெங்கும் கல்லூரிகளில் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று கரும்பலகையில் எழுதப்படுபவை இந்த நான்கின் வடிவமே. எழுதுகிற கையும் எழுதிக்கொள்கிற கையும் ஹெவிஸைடின் பெயரை நினைப்பதில்லை.

இனி, அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றியும் மிகப் பெரிய காயமுமான விஷயத்துக்கு வருகிறேன். டெலிபோன் புதிதாக வந்த காலம் அது. அடுத்த தெருவோடு பேசினால் தெளிவாகக் கேட்டது. நெடுந்தூரம் பேசினால் குரல் குழம்பிப்போயிற்று. கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாகவே வாசிக்கப்பட, நாதஸ்வரத்தின் ஒலி முன்னதாகவும் தவிலின் ஒலி பின்னதாகவும் நம் காதுக்கு வந்து சேர்வதாக எண்ணிப்பாருங்கள். அந்தக் கதிதான் கம்பியில் போன குரலுக்கு நேர்ந்தது. குரலில் கலந்திருக்கும் உயர்ந்த ஸ்தாயியும் தாழ்ந்த ஸ்தாயியும் வெவ்வேறு வேகத்தில் ஓடின. வெவ்வேறு அளவில் தேய்ந்தன. இதற்கு, மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் தூண்டல் என்னும் கம்பியின் குணமே கெடுதல் செய்கிறது, அதைக் குறைக்கவேண்டும் என்றார் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் மின்சார நிபுணர் வில்லியம் பிரீஸ்.

ஹெவிஸைடு 1887-இல் நேர்மாறாகச் சொன்னார். கம்பியின் தடையைத் தூண்டலால் வகுத்து வரும் ஈவும், கம்பியிலிருந்து வெளியே கசியும் அளவை அதன் மின்தேக்கத்தால் வகுத்து வரும் ஈவும் சமமாகிவிட்டால், குரல் தூரத்தில் மெலியுமே தவிர, உருக்குலையாது என்று கணக்கிட்டுக் காட்டினார். நடைமுறைக் கம்பிகளில் தூண்டல் மிகக் குறைவு. ஆகவே குறைக்கச் சொல்லும் அதையே கூட்டுங்கள், சிறிது தூரத்துக்கு ஒருமுறை கம்பிச் சுருள்களைச் சேர்த்துவிடுங்கள் என்றார். எல்லோரும் விஷம் என்று விலக்கியதை மருந்து என்று சொல்வதற்குக் கணிதத்தின்மீது எத்தகைய விசுவாசம் வேண்டும்! தபால் இலாகாவிலேயே பொறியாளராக இருந்த தமையன் ஆர்தரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பிரீஸ் வெளிவரவொட்டாமல் தடுத்தார். அதே ஆண்டில், 'எலெக்ட்ரிஷியன்' பத்திரிகையில் ஹெவிஸைடு எழுதிவந்த தொடரும் நின்றுபோயிற்று.

பிறகு 1900-இல், அமெரிக்காவில் மைக்கேல் புபின் என்னும் பேராசிரியர் இந்தச் சுருள் முறைக்குக் காப்புரிமை பெற்றார். டெலிபோன் கம்பெனி அவருக்குப் பல லட்சம் டாலர் கொடுத்தது. மூல தத்துவத்தைக் கண்டவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 1896 முதல் அரசாங்கம் ஹெவிஸைடுக்கு ஆண்டுக்கு 120 பவுன் உபகாரச் சம்பளம் அளித்துவந்தது. அதுவும் நண்பர்கள் பக்குவமாகப் பேசி, தர்மம் என்று தோன்றாதபடி சம்மதிக்கவைத்த பிறகே அவர் வாங்கிக்கொண்டது. இந்த அநீதியை எண்ணும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

அவருடைய கணித முறையும் தனி வழியில் சென்றது. வகைநுண்கணிதத்தின் செயலை ஒரு சாதாரண எழுத்தாக மாற்றி, பெருக்கல் வகுத்தல் போலவே அதைக் கையாண்டு, சிக்கலான மின்சுற்றுக் கணக்குகளைச் சில வரிகளில் முடித்தார். விடை சரியாக வந்தது. நிரூபணம் எங்கே என்று கணித பண்டிதர்கள் கேட்டார்கள். அவரை 1891-இல் அங்கத்தினராக ஏற்றுக்கொண்ட ராயல் சொஸைட்டியே, இந்த முறையை விளக்கிய மூன்றாவது கட்டுரையை 1894-இல் நிராகரித்துவிட்டது. ஜீரண சக்தியின் ரகசியம் முழுதும் தெரிந்த பிறகுதானா சாப்பிட உட்காரவேண்டும் என்னும் பொருள்பட அவர் கேட்ட கேள்வி பிரசித்தமானது. நம் பொறியியல் மாணவர்கள் இன்று படிக்கும் 'ஸ்டெப் ஃபங்ஷன்' அவர் பெயரால் வழங்குவதுதான். இண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ் என்னும் சொற்களும் அவர் படைத்தவையே.

அவர் எப்போதும் துயரத்தில் மூழ்கியிருந்தார் என்று யாரும் எண்ணவேண்டாம். பெற்றோர் இறந்த பிறகு நியூட்டன் ஆபட் என்னும் ஊரில் குடியிருந்த நாட்களில், சரிவான பாதைகளில் சைக்கிளில் இறங்குவது அவருக்குப் பரமானந்தம். பெடலிலிருந்து கால்களை எடுத்து முன்புறத் தாங்கியில் வைத்துக்கொண்டு, கைகளையும் கட்டிக்கொண்டு, ஐம்பதை நெருங்கிய அந்த மனிதர் சிறுபிள்ளையைப்போல் பள்ளத்தை நோக்கிப் பாய்வாராம்.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியபோது ஒரு புதிர் எழுந்தது. நேர்கோட்டில் செல்லும் அலை, பூமியின் வளைவைத் தாண்டி எப்படிப் போயிற்று? வானத்தின் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் படலம் ஒன்று இருக்கக்கூடும், அது அலையைக் கீழே வளைத்து அனுப்பலாம் என்று 1902-இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையின் நடுவில் ஹெவிஸைடு சில வாக்கியங்கள் எழுதினார். அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் அதே ஆண்டில் அதையே சொன்னார்.

1922-இல் மின்பொறியாளர் சங்கம், தான் புதிதாக ஏற்படுத்திய ஃபாரடே பதக்கத்தை முதன்முதலில் ஹெவிஸைடுக்கே அளித்தது. அவர் லண்டனுக்கு வர இசையவில்லை. சங்கத்தின் தலைவரே டார்க்கீக்குச் சென்று கொடுத்துவந்தார். 1924 டிசம்பரில், போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்திலிருந்து அனுப்பிய அலைகளை ஆக்ஸ்போர்டில் வாங்கிச் சோதித்த எட்வர்ட் ஆப்பிள்டன், வானத்தில் அந்தப் படலம் உண்மையிலேயே இருக்கிறது என்று கண்டார். ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டிருந்த ஹெவிஸைடு, 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார். பெயின்ட்டன் என்னும் பக்கத்து ஊர் இடுகாட்டில், தாயும் தந்தையும் கிடக்கும் அதே குழியில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.