நியமனக் கடிதமா, சொந்தக் கணக்கா? வாவிக்கரை இணையத்தள உருவாக்குநர் முன்னுள்ள கேள்வி

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தோ, அன்றி உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனங்களிலிருந்தோ கணினிக் கல்வியை முடித்து வெளியேறும் இளைஞர் யுவதிகள் அண்மைக்காலமாக ஒரு கேள்வியை எதிர்கொண்டு வருகின்றனர். இணையத்தளங்களை உருவாக்கும் நிறுவனமொன்றில் மாதச் சம்பளத்துக்குச் சேர்வதா, அல்லது வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டு, உள்நாட்டு வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை பெற்றுச் செய்வதா என்பதே அது. வாழைச்சேனை முதல் கல்முனை வரை வாவியை அண்டி வாழும் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதியது. விடையை மட்டும் பெற்றோர் ஏற்கனவே வைத்திருக்கின்றனர். ‘எந்தக் கந்தோரில் வேலை?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்லத்தக்க பெயரொன்று வேண்டும் என்பதே அந்த விடை.

அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2017 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை இம்மாவட்டம் மறந்துவிடவில்லை. போரையும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும், அடிக்கடி வரும் வெள்ளத்தையும் கண்ட மக்கள் மாத இறுதியில் தவறாது வரும் பணத்துக்குப் பெருமதிப்பு அளிப்பது இயல்பேயாகும். ‘ஏஜென்சி’ என்ற சொல்லே எமது பகுதியில் வேறொரு பொருளைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. மத்திய கிழக்குக்கு ஆளனுப்பும் முகவர் நிலையத்தையே மக்கள் அப்படி அழைத்துப் பழகியுள்ளனர். ஆகவே, ‘வெப் ஏஜென்சியில் வேலை’ என்று ஒரு பிள்ளை கூறும்போது தாய் திடுக்கிடுவதில் வியப்பில்லை. நாம் இங்கு பேசுவது பல வாடிக்கையாளருக்கு இணையத்தளங்களையும் செயலிகளையும் செய்து கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றியே.

முதலில் நியமனக் கடிதத்தின் பெறுமதி என்னவென்று நோக்குவோம். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலை நேரத்தை வரையறுக்கிறது. அதன் பின் செய்யும் வேலை மேலதிக நேரமாகும். ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும், பெண் ஊழியருக்கு 84 நாள் பிரசவ விடுமுறையும் உரியன. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்பட, தொழில்தருநர் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சட்டப்படி மேலும் 3 சதவீதத்தையும் அவரே செலுத்த வேண்டும்.

சம்பளம் 100,000 ரூபா எனக் கொள்வோம். கையில் கிடைப்பது வரி நீங்கலாக 92,000 ரூபா. உண்மையில் அந்த ஊழியருக்காக மாதந்தோறும் நிறுவனம் செலவிடுவதோ 115,000 ரூபா. சொந்தக் கணக்கில் தொழில் செய்ய விரும்பும் ஒருவர் தமது எதிர்பார்ப்பு வருமானத்தை 92,000 உடன் ஒப்பிடுவாராயின் தொடக்கத்திலேயே கணக்குப் பிழைத்துவிடும். ஒப்பிட வேண்டியது 115,000 உடன். விடுமுறை நாட்களின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கும் மேல்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு சேவையை நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் வழங்குமாறு கூறுகிறது. ஆறாண்டு பணியாற்றியவருக்கு மூன்று மாதச் சம்பளம் கிடைக்கும். எனினும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட தொழில்தருநர் மீதே இக்கடப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. வேலைநீக்கத்துக்கு எதிராகப் பாதுகாப்பளிக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டமும் 15 பேருக்குக் குறைந்த நிறுவனங்களை விட்டுவிடுகிறது. வாவிக்கரை நகரங்களில் இயங்கும் இணையத்தள நிறுவனங்கள் பெரும்பாலும் ஐந்தாறு பேருடன் நடப்பவை. கொழும்பில் வேர்ச்சுசா போன்ற பெரிய நிறுவனமொன்றில் சேர்பவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு முழுவதும் உள்ளூர் நிறுவனத்தில் சேர்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் சேமலாப நிதி அப்படியன்று. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் அதைச் செலுத்தியாக வேண்டும். ‘நாங்கள் சின்னக் கொம்பனி, ஈபிஎஃப் இல்லை’ என்று கூறும் இடத்தில் சேருமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

கொழும்புச் சம்பளத்தின் மறுபக்கமும் உண்டு. கிழக்கிலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டிலே குடிபுகும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வழக்கத்தால் பெண்ணைப் பெற்றோர் படும் பாடு தனியே எழுதப்பட வேண்டிய விடயம். இவ்விடத்தில் நாம் கவனிப்பது, காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ குடும்பத்துடன் வாழும் ஓர் இளைஞருக்கு வீட்டு வாடகை பெரும்பாலும் இல்லை என்பதையே. அவர் 300 கிலோமீற்றருக்கு அப்பால் வெள்ளவத்தையிலோ தெமட்டகொடையிலோ அறை எடுத்து, சாப்பாட்டுக் கடைக்கும் பயணத்துக்கும் செலவழித்து, மாதம் ஒருமுறை ஊர் வந்து போவாராயின் கூடுதல் சம்பளத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். பிரீலான்ஸ் எனப்படும் சுயாதீனத் தொழில் எமது பகுதிக்குப் பொருந்துவதற்கான வலுவான காரணம் இதுவேயன்றி, டொலரின் கவர்ச்சியன்று.

டொலரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச் மாதத்தில் ரூபா நழுவவிடப்பட்டபோது ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. சம்பளக்காரர் திண்டாடிய அந்நாட்களில் வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கொண்டிருந்தோர் அதே வேலைக்கு ரூபாவில் கூடுதலாகப் பெற்றனர். அதே மாத இறுதியில்தான் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டும் வந்தது. மின்பிறப்பாக்கி உள்ள அலுவலகத்தில் இருந்தவர் வேலையை முடித்தார். வீட்டிலிருந்தவரோ மின்கலம் தீர்ந்த மடிக்கணினியுடன் தவணை தவறியதற்கு மன்னிப்புக் கோரி மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. ஒரே நெருக்கடி ஒருவருக்கு ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்த கதை இது.

சுயாதீனத் தொழிலின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பைவர் போன்ற சந்தைத் தளங்கள் விற்பவரிடமிருந்து 20 சதவீதத்தைத் தரகாக எடுத்துக்கொள்கின்றன. 500 டொலருக்கு ஒரு வேலை கிடைத்தால் கைக்கு வருவது 400 டொலர். கணக்கின் வசதிக்காக டொலருக்கு 300 ரூபா எனக் கொண்டால் 120,000 ரூபா. பணம் அனுப்பும் சேவையும் வங்கியும் தத்தம் பங்கை எடுக்கும். அவ்வேலையைப் பெறுவதற்கு முன் பதிலற்றுப் போன விண்ணப்பங்களுக்குச் செலவான நாட்கள், செய்து முடித்த பின் ‘இன்னும் ஒரு சிறிய திருத்தம்’ என்று வாடிக்கையாளர் வாங்கிய நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினால், இரண்டு வார வேலை ஒரு மாத வேலையாகிவிடுவதைக் காணலாம். எமது விவசாயிகளுக்கு இது விளங்கும். படுவான்கரையில் பெரும்போகம் வெட்டியவுடன் கையில் இருக்கும் பணத்தை அந்த மாதத்து வருமானமாக எவரும் கருதுவதில்லை. அடுத்த விதைப்புவரை அது போக வேண்டும். போடியாரின் வயலைப் பொறுப்பேற்றுச் செய்யும் முல்லைக்காரருக்கும் தன் நிலத்தைத் தானே செய்பவருக்கும் இடையிலான வேறுபாடு இம்மண்ணில் பழையது. முன்னவருக்கு நட்டம் வந்தால் அது முழுவதும் அவர் தலையில் விழுவதில்லை.

நேர வித்தியாசமும் சிறிய விடயமன்று. கனடாவின் ரொறன்ரோவிலுள்ள கடைக்காரருக்கு வேலை செய்பவர் இரவு வேளையில் விழித்திருக்க வேண்டும். அங்கு காலை விடியும்போது எமக்கு மாலை மங்கிவிடும். லண்டனும் சுவிற்சர்லாந்தும் பரவாயில்லை. கட்டாருடன் இரண்டரை மணித்தியாலமே வேறுபாடு. ஐக்கிய அரபு இராச்சியம் 2022 முதல் வெள்ளி அரைநாளும் சனி, ஞாயிறும் என வார விடுமுறையை மாற்றிக்கொண்டதனால் அந்நாட்டு வாடிக்கையாளருடன் தொடர்புகொள்வதும் இலகுவாகியுள்ளது. ஜும்ஆவுக்கும் நோன்பு காலத்துக்கும், கோயில் சடங்குக் காலத்துக்கும் ஏற்ப நாளை வகுத்துக்கொள்ள முடிவது சொந்தத் தொழிலின் உண்மையான வசதிகளில் ஒன்றாகும். வெளியூர் சென்று தங்குவதற்குக் குடும்பம் இணங்காத பெண் பட்டதாரிகளுக்கு, இரு சமூகங்களிலும், இது வசதி மட்டுமன்று. பலருக்கு உள்ள ஒரே வழியுமாகும். 84 நாள் பிரசவ விடுமுறைச் சம்பளம் அவ்வழியில் இல்லை என்பதையும் அவர்கள் அறிந்தே இறங்க வேண்டும்.

வரி பற்றிய தவறான எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வங்கியூடாக வெளிநாட்டு நாணயத்தில் பெறும் வருமானம் 2025 மார்ச் 31 வரை வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அவ்விலக்கு நீங்கியுள்ளது. எனினும் உச்ச வீதம் 15 சதவீதம் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 1,800,000 ரூபா தனிநபர் நிவாரணம் இரு சாராருக்கும் பொது. அதற்கு மேற்பட்ட முதல் 1,000,000 ரூபாவுக்கு இருவருக்கும் 6 சதவீதமே. மாதம் 200,000 ரூபா உழைப்பவர் சம்பளக்காரராயினும் சுயாதீனமாக உழைப்பவராயினும் ஆண்டுக்கு 36,000 ரூபாவே செலுத்துவார். மாதம் 400,000 ரூபா உழைப்பவரிடத்திலேதான் வேறுபாடு தெரிகிறது. சம்பளக்காரருக்கு 36 சதவீதம் வரை படிப்படியாக ஏறி 600,000 ரூபாவாகும் வரி, வெளிநாட்டுச் சேவை வழங்குநருக்கு 360,000 ரூபாவில் நின்றுவிடும். ஆகவே வரிச்சலுகைக்காக வேலையை விடுவது தொடக்க நிலையில் உள்ளோருக்குப் பொருளற்றதாகும். சம்பளக்காரரின் வரியை நிறுவனம் கழித்துக் கட்டிவிடும்; சொந்தமாக உழைப்பவர் தாமே பதிவுசெய்து, தாமே அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்.

பணம் வராமற் போனால் என்ன செய்வது? சம்பளம் கிடைக்காத ஊழியர் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். சுயாதீனப் பணியாளர் அங்கு போக முடியாது. குடியியல் நீதிமன்றமே அவருக்குரிய இடம். அதனால் எழுத்திலான உடன்பாடு அவசியமாகிறது. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் கீழ் மின்னஞ்சல் மூலமான ஒப்பந்தமும் செல்லுபடியாகும். வேலையின் எல்லை, திருத்தங்களின் எண்ணிக்கை, முற்பணம், இறுதிப் பணம் வந்தபின்பே மூலநிரல் கையளிக்கப்படும் என்ற நிபந்தனை ஆகியவற்றை நாலு வரியில் எழுதி மறுமுனையின் சம்மதத்தைப் பெற்றுவிட்டால் போதும். உள்ளூர் வாடிக்கையாளரிடம்தான் இதைக் கேட்க எமது பிள்ளைகள் கூச்சப்படுகின்றனர். ‘நம்மட பொடியன்தானே’ என்று கோயில் நிருவாகமும் பள்ளிவாசல் நிருவாகமும் பழைய மாணவர் சங்கமும் இலவசமாக இணையத்தளம் கேட்பது வழமையாகிவிட்டது. தச்சரிடம் கதவை இலவசமாகக் கேட்காதவர்கள் இதை மட்டும் கேட்பது ஏனோ தெரியவில்லை.

எமது கருத்தைக் கேட்பவர்களுக்கு நாம் கூறக்கூடியது, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஒரு நிறுவனத்தில் கழிப்பது நல்லது என்பதே. சம்பளத்துக்காக மட்டுமன்று. தனியே கற்றவர் எழுதிய நிரலை மூத்தவர் ஒருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் வாய்ப்பு வீட்டில் கிடைப்பதில்லை. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பின் இது மேலும் முக்கியமாகியுள்ளது. ஆயத்த வார்ப்புருவை எடுத்து வேர்ட்பிரஸ்ஸில் நிறமும் படமும் மாற்றிக் கொடுக்கும் வேலை, சந்தையில் புதியவர்கள் நுழைந்த வாசலாக இருந்தது. அந்த வாசல் ஒடுங்கி வருகிறது. கடையின் கையிருப்பையும் கணக்கையும் இணைத்து ஓர் அமைப்பை உருவாக்கவும், பழுதடைந்த தளத்தைப் பாதுகாப்பாக மீட்கவும் தெரிந்தவருக்கே வேலை மிஞ்சும். அத்திறன் பிறருடன் சேர்ந்து செய்த வேலைகளிலிருந்தே பெரும்பாலும் வருகிறது.

நிறுவனத்தில் இருந்துகொண்டே மாலையில் சொந்த வேலை செய்வோர் நியமனக் கடிதத்தை மீண்டும் எடுத்து வாசிப்பது நன்று. வேறு தொழில் செய்யலாகாது என்ற வாசகம் அதில் இருக்கக்கூடும். மேலும், 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வேலையின்போது ஆக்கப்பட்டவை தொழில்தருநருக்கே உரியன. அலுவலகத்தில் எழுதிய நிரலைச் சொந்த வாடிக்கையாளருக்குக் கொடுப்பது பிறர் பொருளைக் கொடுப்பதாகும்.

வங்கிக் கடனுக்குச் சம்பளப் பட்டியல் கேட்கப்படும் நாட்டில் சொந்தமாக உழைப்பவர் தமது வருமானத்தை வேறுவிதமாக நிரூபிக்க வேண்டியுள்ளது. வருவதனைத்தையும் ஒரே வெளிநாட்டு நாணயக் கணக்கினூடாகப் பெற்று, வரி அறிக்கையையும் ஒழுங்காகச் சமர்ப்பித்து வந்தால் சில ஆண்டுகளில் அதுவே சான்றாகும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள் மடிக்கணினிக்கோ வீட்டுக்கோ இஸ்லாமிய வங்கிமுறையை நாடினாலும் அங்கும் கேட்கப்படுவது இதே ஆவணங்களைத்தான்.

முதுமையைப் பற்றி இருபத்தைந்து வயதில் எவரும் யோசிப்பதில்லை. ஆயினும் வாவியில் வலை வீசும் மீனவருக்கு 1990 ஆம் ஆண்டிலும், விவசாயிக்கு அதற்கு மூன்றாண்டு முன்னரும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக்கப்பட்டன. சுயதொழில் செய்வோருக்கென 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டுள்ளது. சொந்தக் கணக்கில் இணையத்தளம் செய்யும் இளைஞரும் யுவதியும் அதில் சேரலாம்; விபரங்களைத் தமது பிரதேச செயலகத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம்.