கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் கணக்கு

ஆனி மாதத்தில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து, அதே சமயம் கடலிலும் நீரேற்றம் வந்து சேர்ந்துவிட்டால், கிங்ஸ் சர்க்கிளுக்குக் காபி சாப்பிடப் புறப்பட்டவர் வேஷ்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, காந்தி மார்க்கெட் ஜவுளிக் கடைக்காரர் கீழ்த்தட்டுத் துணிகளை அவசரமாக மேலே ஏற்றுவதைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான் என்பது மும்பையின் மாதுங்கா வாசிகளான எங்களுக்குப் பழகிப்போன சங்கதி.

மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று அமைந்த பழைய வடிகால்களை 50 மில்லிமீட்டரைத் தாங்கும்படி விஸ்தரிக்க வேண்டுமென்று, சுமார் 616 கோடி ரூபாய் மதிப்பீட்டோடு, 'பிரிம்ஸ்டோவாட்' என்னும் அறிக்கை 1993-லேயே தயாராகிவிட்டது. அதில் பெரும்பகுதி ஏட்டளவிலேயே கிடக்க, 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரையே ஸ்தம்பிக்கச் செய்த பிறகுதான் அது மறுபடி கைக்கு வந்தது. 2007-ல் மத்திய அரசு இசைவளித்தபோது தொகை 1,200 கோடி.

காலம் நீண்டதும் தொகை ஏறியது வியப்பன்று; நிர்மாண வேலையில் காலம், செலவு, தரம் ஆகிய மூன்றில் எதை இழுத்தாலும் மற்ற இரண்டும் நகரும் என்பர். வாஸ்தவமே, ஆனால் எந்த இடத்தில் இழுப்பது என்பதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது. 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் உருவான ஒரு திட்டமுறை, ஒரு வேலையின் முடிவு நாளை நிர்ணயிப்பது ஒன்றையொன்று காத்து நிற்கும் சில காரியங்களின் சங்கிலியே என்றும், அதற்கு வெளியே கூலியைக் கொட்டுவது வியர்த்தம் என்றும் காட்டிற்று. நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதன்று. பத்துப் பேர் கூடி அரைத்தாலும் இட்லி மாவு பொங்க ஓர் இரவு வேண்டும். கான்கிரீட்டும் அந்த ஜாதியே. ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலமே ஏறியிருக்கும். ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் காட்டிய தளத்தின் மாதிரிக் கட்டியை இருபத்தெட்டாம் நாள் நசுக்கிப் பார்த்தே என்ஜினீயர் திருப்தியடைவார். மழைக்காலம் நெருங்கிவிட்டதென்று சாக்கை எடுத்துவிட்டு அப்படியே காயவிட்டால், நாட்காட்டியில் மிச்சமான வாரம் பிற்பாடு விரிசலாக வந்து நிற்கும்.

எங்கள் பேட்டையின் சங்கிலியோ கான்கிரீட்டையும் கடந்தது. கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும், கடல் ஏறுகையில் வாய்க்கால் முகத்தில் நீரை இறைத்துத் தள்ளும் நிலையம் இல்லையேல் வெள்ளம் போக்கிடமின்றித் திரும்பும். கிங்ஸ் சர்க்கிளுக்கும் சயானுக்கும் செம்பூருக்கும் உதவ வேண்டிய மாகுல் நிலையத்துக்குக் குறித்த இடம் உப்பளப் பூமியாக இருந்தமையால், அதைக் கைவசப்படுத்தும் காகிதங்களிலேயே வருஷங்கள் கழிந்தன. அங்கே இரவு பகலாகக் கொத்தனாரை வைத்தும் ஒரு நாளைக்கூடக் குறைத்திருக்க முடியாது. நிலத்தை முதலில் தேடாமல் குழாயை முதலில் அளந்ததே பிசகு என்பது என் அபிப்பிராயம்.

இடையில் காந்தி மார்க்கெட்டருகே சிறிய பம்புகள் வந்து, தேங்கிய நீர் முன்னைவிடச் சீக்கிரம் வடிகிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஜவுளிக்காரர் வைகாசி கடந்தால் கீழ்த்தட்டில் பட்டு அடுக்குவதில்லை.