இருண்ட எதிர்காலப் புனைவும் இளையோர் வாசிப்பும்: சமணக் காலக்கோட்பாட்டுடன் ஓர் ஒப்பீடு

இளையோர் விரும்பிப் படிக்கும் டிஸ்டோபியப் புனைவு, அதாவது இருண்ட எதிர்காலப் புனைவு, வீழ்ச்சியுற்ற உலகைக் காட்டுவதால் மட்டும் அப்பெயர் பெறுவதில்லை. அவ்வீழ்ச்சிக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினாவே அதன் உயிர்நாடி. சமணக் காலக்கோட்பாட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவுறும்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் 'ஜினகாஞ்சி' எனப்படும். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்தார். அதன் விதான ஓவியங்களில் முதல் தீர்த்தங்கரராகிய இடபதேவரின் வரலாறும் இடம்பெறுகிறது. சமணர் கொள்கைப்படி, அவசர்ப்பிணி என்னும் இறங்குகாலம் ஆறு பிரிவுகளை உடையது. மூன்றாம் பிரிவின் இறுதியில், வேண்டியன வழங்கிய கற்பக மரங்கள் மறைந்தபோது, இடபதேவர் உழவும் பிற தொழில்களும் கற்பித்தார். ஐந்தாம், ஆறாம் பிரிவுகள் தலா 21,000 ஆண்டுகள் நீளும் துன்பக்காலங்கள். இங்கு வீழ்ச்சி காலத்தின் இயல்பு, பகைவர் எவருமிலர்.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இதற்கு மாறானது. அதில் மக்களின் பெயரையும் பிள்ளைப்பேற்றையும் அரசே வரையறுக்கிறது. சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலில் 12 முதல் 18 வயதுக்குட்பட்டோரைக் கொலைக்களத்திற்கு அனுப்புவதும் அரசே. மனிதர் விளைத்த கேடாதலின் மனிதரால் மாற்றத்தக்கது.

எனினும் மீட்பு அறிவின் வழியே வருவது பொதுக்கூறு. இடபதேவர் தொழில் கற்பித்தார். சுஜாதாவின் கதையில் நூல் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ நிலாவுக்குத் துணைநிற்கிறது. இவ்விரு மரபுகளையும் இணைத்துக் கற்பிக்கும் வகுப்பறையில், காலத்தால் வருவது எது, அதிகாரத்தால் வருவது எது எனப் பகுத்துணரும் பயிற்சி இளைய வாசகருக்குக் கிட்டும். அப்பகுப்பின்றி வாசிப்பின், எச்சரிக்கையாக எழுதப்பெற்ற புனைவு விதியாகவே எஞ்சும்.