இளைத்தவர்கள் காலைக் கவனிக்க

சர்க்கரைக்காகவும் இரத்தக் கொதிப்புக்காகவும் உணவைக் குறைத்து, சில மாதங்களிலேயே பதினைந்து, இருபது கிலோ இளைத்துவிடும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. நல்லதுதான். ஆனால் அவர்களில் சிலருக்கு, ஒருநாள் எழுந்து நடக்கும்போது ஒரு பாதம் மேலே தூக்க வராமல் தொங்குகிறது. செருப்பு நழுவுகிறது, விரல் நுனி தரையில் இடறுகிறது. பக்கவாதமோ என்று வீடே பதறிப் போகிறது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் கை வைத்தால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதைச் சுற்றி, தோலை ஒட்டினாற்போல் ஒரு நரம்பு இறங்குகிறது. பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்குவது அதுவே. அதற்கு மெத்தையாக இருப்பது கொழுப்பு. உடல் வேகமாக இளைத்தால் அந்த மெத்தை கரைந்துவிடுகிறது. பிறகு கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலும், குத்துக்காலிட்டுச் சரக்குப் பிரித்தாலும் நரம்பு எலும்போடு நசுங்குகிறது. சர்க்கரை நோயாளிகளின் நரம்பு இன்னும் எளிதில் பாதிக்கப்படும்.

இதே நரம்பைத் தொழுநோயும் தாக்கும். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும், தொழுநோயால் செயலிழந்த கைகால்களைத் தசைநாண்களை இடம்மாற்றி இயங்கச் செய்தார்கள். 1955-ல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் அப்பணி தொடர்ந்தது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கான மிருதுவான ரப்பர் செருப்பும் இங்கே உருவாகிப் பரவியதே.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

கல்லாவில் கால்மேல் கால் போட்டு உட்காருவதைத் தவிர்க்கவும். அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும். பட்டினி கிடந்து இளைக்காமல், மருத்துவர் யோசனைப்படி நிதானமாக இளைக்கவும்.

பாதம் தொங்கினால் எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் நரம்பு மருத்துவரிடம் செல்லவும். அழுத்தம் நீங்கினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகும். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டையும் உடற்பயிற்சியும் உதவும். குணமாகாவிட்டால் அறுவை சிகிச்சை உண்டு.

வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை சோர்வு சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம்.

ஆம்பூரிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் உலகத்துக்கே காலணி அனுப்பும் நாம், நம் காலைக் கவனிக்காமல் விடலாமா?