“கரண்ட் எப்ப சார் வரும்?”

மேலாளரா இருக்கிறவங்க வேலை அழுத்தத்தை எப்படித் தாங்குறதுன்னு போன வாரம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஐடி கம்பெனி உதாரணம் எல்லாரும் சொல்லிட்டாங்க. நாம புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போவோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வரைக்கும் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் போச்சு. குடிதண்ணிக்கே ஜெனரேட்டர் வச்சு மோட்டார் ஓட்டுற நிலைமை. ஊருக்கு ஊர் மறியல். கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களே எரிக்கப்பட்டன.

அந்த நேரத்துல பிரிவு அலுவலகத்தை நடத்துற உதவிப் பொறியாளரை நினைச்சுப் பாருங்க. மேலே இருந்து, “எத்தனை கம்பம் நட்டாச்சு?” வாசல்ல ஊர்க்காரங்க, “கரண்ட் எப்ப சார் வரும்?” மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

ராபர்ட் கராசெக் என்கிற ஆய்வாளர் 1979-லேயே ஒன்று சொன்னார். வேலைச் சுமை மட்டும் ஆளைச் சாய்க்கிறதில்லை. சுமை அதிகமா இருந்து, முடிவெடுக்கிற உரிமை குறைவா இருக்கிற இடத்துலதான் அழுத்தம் ரொம்ப மோசம். கம்பம் லாரி எப்ப வரும்கிறது இந்த சாரோட கையில இல்ல. எந்த லைனை முதல்ல எடுக்கிறதுன்னு முடிவு பண்றதுல அவருக்கு ஓரளவு இடம் இருக்கு. ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், அப்புறம் தெருன்னு வரிசையை போர்டுல எழுதி வாசல்ல மாட்டலாம். “நாளைக்கு வந்துடும்”னு வாய் தவறிச் சொல்லிட்டா, நாளைக்கு அதே கூட்டம் இரண்டு மடங்கு கோபத்தோட வரும். நம்ம அழுத்தத்துல பாதி நாமளே கொடுத்த வாக்குதான், என்னைக் கேட்டா.

அடுத்தது தூக்கம். இதை நான் பெரிசாவே சொல்வேன். லைன் கிளியர் கொடுக்கிறவர் ரெண்டு நாளா தூங்கலைன்னா, கம்பத்துமேல இருக்கிற லைன்மேன் உயிர் ஊசலாடுது. அதுவும் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடுற சமயம். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாம இணைச்சிருந்தா, செத்த லைன்ல கரண்ட் திரும்பி வரும். எர்த் பண்ணாம யாரும் கம்பியைத் தொடக்கூடாதுங்கிறது அவருக்கு மனப்பாடம்தான். ஆனா அசதி மனப்பாடத்தையும் மறக்கடிக்கும். அதனால போனை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டு நாலு மணி நேரம் படுக்கிறது சொகுசு இல்ல, பாதுகாப்பு விதி. லைன்மேன்களுக்கும் அதேதான்.

மூச்சுப் பயிற்சி வேண்டாம்னு சொல்லல. செய்யுங்க. அது கம்பம் கொண்டுவராது, அவ்வளவுதான்.

சிலருக்கு விளக்கெல்லாம் எரிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்கும். எரிந்து தீர்ந்த மாதிரி அசதி, வேலைமேல ஒட்டாத மனசு, ‘என்னால எதுவும் ஆகாது’ங்கிற எண்ணம். பர்ன்அவுட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன மூணு அடையாளமும் இதுதான். வாரக்கணக்கா நீடிச்சா டெலி-மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.